தாய்மார்களின் பேராதரவுடன் இரண்டாம் வாரம்

“டிக்கெட் கிழிக்கிறதுக்குப் படிப்பு வேணாம். சனம் எந்தப் படத்துக்கு வரும் எண்டு சொல்றதுக்குப் படிப்பு மட்டும் காணாது. நீ ரெண்டுக்கும் நடுவில நிக்கிறாய், புள்ள.”

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எங்கள் தியேட்டர் ஒப்பரேட்டர் அண்ணன் சொன்னது இது. புரொஜக்டர் அறையிலிருந்து தேத்தண்ணி குடிக்க இறங்கி வந்தவர், என் மேசையில் இருந்த பட்டச் சான்றிதழின் பிரதியைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பாத்துக்கொண்டிருங்க என்று மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

நான் போன பிறகு கவுண்டரிலும் படங்களைத் தெரிவு செய்யும் மேசையிலும் இருக்கப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதி வைக்கிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயதில்லை. கொழும்பில் படங்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனம், கிழக்கு மாகாணத் தியேட்டர்களைக் கவனிக்க என்னைக் கேட்டிருக்கிறது. ஆனாலும் ஒன்பது வருடம் இருந்த இடத்தைவிட்டு எழும்புகிறவள் சில விஷயங்களைச் சொல்லிவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

எனக்கு ஊர் ஆரையம்பதி. அப்பா வாவியில் வலை போடுகிறவர். கையெழுத்து வைக்கத் தெரியாது, பெருவிரல்தான். அம்மா எந்த பஸ் எங்கே போகிறது என்பதை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

முதல் வருடமே ஒரு பிழை விட்டேன். பெரிய நடிகர் ஒருவரின் படத்தை வைகாசியில், கண்ணகி அம்மன் கோயில்களில் திருக்குளிர்த்திச் சடங்கு நடக்கும் வாரத்துக்குப் பதிந்துவிட்டேன். மண்டபம் வெறுங்கதிரையாகக் கிடந்தது. நானே அந்த வாரம் மீன் மச்சம் தொடாமல், தலை முழுகி, ஊர்க் கோயிலில் நின்றவள். மேசைக்கு வந்ததும் அது என் நினைவில் இல்லை. அந்த நடிகரின் முந்தைய படங்கள் எத்தனை நாள் ஓடின என்று மட்டும் பார்த்தேன்.

“ஊர்ச் சனமெல்லாம் அம்மாளிட வாசல்ல நிக்கிது. நீயும் அங்கதானே நிண்டாய்? மறுகா ஆரு வந்து படம் பாக்கிற?” என்றார் ஒப்பரேட்டர் அண்ணன். வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கோயில் நாட்கள், நோன்பு மாதம், அறுவடை, பள்ளிக்கூடச் சோதனைக் காலம் எல்லாம் குறித்த ஒரு கொப்பியை எப்போதும் மேசையில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விசிலடிப்பவர்கள் நடிகருக்காக வருபவர்கள், திங்கட்கிழமை வருபவர்கள்தான் படத்துக்காக வருபவர்கள் என்பதையும் பழகிக்கொண்டேன். நான் சொன்ன படங்கள் ஓடின. மூன்றாம் வருடம் முதலாளி, “இனி நீயே முடிவெடு, என்னட்டக் கேக்காத” என்று சொல்லிவிட்டார். அவருக்கு அரிசி ஆலை இருந்தது. அதோடு மாரடிக்கவே அவருக்கு நேரம் போதாது. நான் எடுத்த முடிவுகளுக்கு நான் மட்டுமே பொறுப்பு என்பது அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அந்த ரீமேக் வந்தது.

வேற்று மொழியில் நன்றாக ஓடிய ஓர் அடிதடிப் படம். பஸ் சாரதி ஒருவரின் மகன் காணாமல் போகிறான். தகப்பன் தேடுகிறார். மூல மொழியில் மகன் திரும்புவதில்லை. தமிழில் எடுத்தபோது பெரிய நடிகர் தகப்பனாக நடித்ததால் இரண்டு இடங்களை மாற்றியிருந்தார்கள். முடிவில் மகன் உயிரோடு வருகிறான். இன்னொன்று, தகப்பன் முறைப்பாடு கொடுக்கப் போகும் இடம். மூலப் படத்தில் அந்த அதிகாரி தலையை நிமிர்த்துவதே இல்லை. தமிழில் அவர் எழும்பி நிற்கிறார். தன் கதிரையை இழுத்துப் போட்டு, “இருங்க ஐயா” என்கிறார். தண்ணீர் கொடுக்கிறார். தகப்பன் சொன்னதையெல்லாம் தானே எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, “சரிதானே ஐயா?” என்று கேட்கிறார்.

வெள்ளிக்கிழமை வாசலில் வெடி கொளுத்தினார்கள். அந்தக் கதிரை வரும் இடத்தில் மண்டபமே சிரித்தது.

“எந்த நாட்டிலடா இது?” என்று ஒருவன் கத்தினான்.

“ஒபிஸர் அவர்ர மருமகன் போல!” என்றான் இன்னொருவன்.

மூலப் படத்தை எல்லோரும் ஏற்கெனவே போனில் பார்த்திருந்தார்கள். சனிக்கிழமையே விமர்சனங்கள் அந்த இடத்தைத்தான் பிடித்துக் கிழித்தன. ஞாயிறு பாதி மண்டபம். திங்கள் மாலைக்காட்சியில் விரல்விட்டு எண்ணலாம். “கதிரையில இருத்தினானே, அதிலதான் படம் படுத்திட்டு” என்றார் ஒப்பரேட்டர் அண்ணன்.

ஆனால் அதே திங்கட்கிழமை இரண்டரை மணிக் காட்சிக்கு ஆறு பெண்கள் வந்தார்கள். வயதானவர்கள், அல்லது வயதானவர்கள் போலத் தெரிந்தவர்கள். செவ்வாய் பதினொரு பேர். புதன் இருபதுக்கு மேல். முதல் நாள் வந்தவர்களே திரும்பவும் வந்தார்கள். செத்துக்கொண்டிருக்கும் படத்துக்குப் பகல்காட்சியில் கூட்டம் ஏறுவதை நான் அதுவரை கண்டதில்லை. உள்ளே போய்ப் பின்கதவருகில் நின்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவுமில்லை. படம் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்தேன்.

புதன் பின்னேரம் கொழும்பிலிருந்து விநியோகஸ்தர் போன் எடுத்தார். “ரீமேக்கைத் தூக்கிட்டு வெள்ளிக்கிழமை புதுப் படத்தைப் போடுங்க. இல்லையென்றால் மற்றத் தியேட்டருக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு மணித்தியாலத்தில் சொல்லுங்க.” அந்தப் புதுப் படம் ஓடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இவ்வளவு பெரிய படத்தை விடுவதென்றால் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்று முதலாளிக்குப் போன் எடுத்தேன்.

“நீ என்ன சொல்றாய்?” என்று கேட்டார்.

“பொம்பிளையள் வரத் துவங்கியிருக்காங்க. ஒருத்தரப் பாத்து ஒருத்தர் கூட்டிக்கொண்டு வாறாங்க. இன்னும் ஒரு கிழமை விட்டா இது குடும்பப் படமா மாறும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

நிச்சயம் என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது. புதுப் படம் மற்றத் தியேட்டருக்குப் போனது. ரீமேக் இரண்டாம் வாரம் ஓடியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு நானே என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். ஓடாவிட்டால் ஒப்பரேட்டர் அண்ணன் முதல் வாரம் சொன்னது சரியாகிவிடும். எனக்கு அப்போது அதுதான் பயம்.

வியாழன் மாலை அந்தப் பெண்கள் வெளியே வரும்போது வாசலில் நின்று போனில் ஒரு போட்டோ எடுத்தேன். வெயில் கண்ணில் அடித்ததால் எல்லோரும் நெற்றிக்குக் கைவைத்துக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் நாலைந்து முகங்கள் தெளிவாக விழுந்திருந்தன. அதை எங்கள் முகநூல் பக்கத்தில் போட்டேன். அச்சகத்துக்கும் அனுப்பினேன். வெள்ளி காலையில் தியேட்டர் முகப்பில், ஆளுயரத்துக்கும் மேலாகப் பதாகை தொங்கியது: ‘தாய்மார்களின் பேராதரவுடன் வெற்றிகரமான இரண்டாம் வாரம்’. கீழே அவர்களுடைய போட்டோ.

சினிமா விளம்பரத்தில் அந்த வரி எத்தனையோ காலமாக இருக்கிறது. எந்தத் தியேட்டரிலும் அதற்கு எந்தத் தாயின் முகமும் போடுவதில்லை. நான் போட்டேன். உண்மையாகவே தாய்மார் வந்த படம், ஆதாரத்தோடு சொல்கிறேன் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஒரு பெண்ணும் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு நான் கவுண்டரைவிட்டு எழும்பவே இல்லை. ஒப்பரேட்டர் அண்ணன் மேலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். திரும்ப ஏறிப் போனார். அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வீதிக்கு மறுபக்கம், மருந்துக்கடை நிழலில் ஒரு பெண் நின்று பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த முகம். நான் ஓடிப்போனேன்.

“உள்ள வாங்க அம்மா. இப்பதான் துவங்கப்போகுது.”

“நான் படத்துக்கு வரயில்ல, புள்ள. அதில எங்கிட போட்டோவப் போட்டது ஆரு?”

“நான்தான் அம்மா.” சிரித்துக்கொண்டு சொன்னேன். அவருக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“படிச்ச புள்ள மாதிரி இருக்காய். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. கேட்டா ஒண்ணா, வேணாம் எண்டு சொல்லுவம் எண்டுதான் கேக்கயில்லயோ?”

“கேக்க நினைக்கயில்ல, அம்மா.”

“ஓம். எங்களிட்டக் கேக்க ஒருத்தரும் நினைக்கிறதில்ல.”

அவருக்கு ஊர் மாங்கேணி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரில் ஒருவர். காணாமல் போனபோது அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. படம் ஓடிய அந்த முதல் வாரம் முழுவதும் அவர்கள் பிள்ளைகளின் போட்டோக்களை மடியில் வைத்துக்கொண்டு நகரத்து வீதியோரத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் காலையில் என் பஸ் அவர்களைக் கடந்துதான் வந்தது. நான் யன்னலோரத்தில் இருந்தேன். படங்களின் ஓட்டத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்திருப்பேன். பின்னேரம் என் கவுண்டர் துவாரத்துக்குள் நீண்ட கைகள் அவர்களுடையவைதான்.

“வெயில் ஏறினா ஒருத்திக்குத் தலை சுத்தும். அவளக் கொண்டுபோய் எங்க இருத்துற? அப்பிடித்தான் முதல் நாள் உள்ள வந்த. மறுகா தெரிஞ்சுதான் வந்தம்” என்றார். “இப்ப நீ செய்ததில என்ன நடந்திருக்கு தெரியுமோ? எங்கிட ஊர்ப் பொடியன் ஒருத்தன் போனக் கொண்டுவந்து காட்டுறான். ‘மகனத் தேடுறன் எண்டு பஸ் ஏறிப் போறது பகல் ஷோ பாக்கவோ மாமி?’ எண்டு கேக்கான். என்ர கூடப் பிறந்தவன் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல?”

நான் பதாகையை நிமிர்ந்து பார்த்தேன்.

“எங்கிட புள்ளையள்ற போட்டோவ நாங்க ரோட்டில புடிச்சிக்கொண்டிருக்கக்குள்ள ஒருத்தரும் கிறுகிப் பாக்கயில்ல. எங்கிட போட்டோவ நீ தூக்கினாப்போல ஊரே பாக்குது.”

“மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா. இப்பவே கழட்டுறன். நீங்க பழையபடி வாங்க. மகன் திரும்பி வாற அந்த முடிவப் பாக்கத்தானே...”

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஆரு சொன்ன, நாங்க முடிவு பாக்க வந்த எண்டு? முதல் நாள் ஒருத்தி கடைசிமட்டும் இருந்து பாத்திட்டு வந்து, ரெண்டு நாள் சோறு தின்னயில்ல. அதுக்குப் பிறகு நாங்க ஒருத்தரும் முடிவுக்கு இருக்கிறதில்ல.”

“பஸ்ஸுக்கு நேரமாகுது எண்டு நினைச்சன்.”

“எங்கிட பஸ் அஞ்சரைக்கு, புள்ள.”

“அப்ப எதப் பாக்க வந்தீங்க?”

“அந்தக் கதிரைய.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கிச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

“நான் எத்தின கந்தோருக்குப் போயிருப்பன், எத்தின பேரிட்டச் சொல்லியிருப்பன்? எல்லாம் நிண்டுகொண்டுதான். ஒருத்தன் பேனையால காதைக் குடைஞ்சுகொண்டு கேட்டான். ஒருத்தன் போன முறை தந்த துண்டு எங்க எண்டு கேட்டான். இரு எண்டு ஒருத்தரும் சொல்லயில்ல. நான் சொன்னத எழுதிப்போட்டு, சரியோ எண்டு வாசிச்சுக் காட்டினவன் இல்ல. படத்தில அவன் எழும்பிக் கதிரையக் குடுக்கான் பார். அது பொய்தான். எங்களுக்குத் தெரியாதா பொய் எண்டு? அதப் பாத்துக்கொண்டிருக்கிற நேரம் கால் நோவு இல்ல.”

பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தார். உள்ளே வரச் சொல்லி நான் மறுபடி கூப்பிடவில்லை.

ஏணி வைத்து நானே பதாகையைக் கழற்றினேன். முகநூலிலிருந்து போட்டோவை அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் அதைத் தங்கள் போனில் எடுத்து வைத்திருந்தார்களோ. முதலாளி ஏசவில்லை. “ரீமேக் எண்டா இப்பிடித்தான், விடு” என்றார். வியாழக்கிழமையோடு படம் தூக்கப்பட்டது. எல்லா ஊரிலும் அது தோல்விதான். பார்த்த படத்தையே யார் பார்ப்பார்கள் என்றார்கள், அந்தக் கதிரைக் காட்சியை நம்ப முடியவில்லை என்றார்கள். எங்கள் தியேட்டரில் அது ஏன் ஓடியது, ஏன் நின்றது என்று எனக்கும் ஒப்பரேட்டர் அண்ணனுக்கும் மட்டும் தெரியும். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நானும் அந்த இடத்தில சிரிச்சனான்” என்றார். அதற்குப் பிறகு என் படிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

நீங்கள் இருவரும் இந்த வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்வீர்கள். கூட்டம் ஏறினால் ஏறுவது தெரியும், ஏன் ஏறுகிறது என்று ஒரு காரணமும் உடனே தோன்றும். அந்த முதல் காரணம் உங்களுக்கு வசதியானதாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. அவர்கள் எழும்பிப் போனதைக் கண்ணால் கண்டேன். ஒருவரை நிறுத்தி, ஏன் அம்மா போறீங்க என்று கேட்க அரை நிமிடம் போதும். பஸ் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். படித்தவர்கள் செய்யும் பிழை இது. மற்றவர்களுடைய பதிலையும் நாமே எழுதிவிடுவோம்.

இதைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். இறங்கவில்லை.

போன வருடம் கல்குடாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போகும்போது சந்தியில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகையைப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு பெண்ணின் முகம். நெற்றிக்குக் கைவைத்திருந்தார், வெயிலுக்கு. அந்த வெயிலை எனக்குத் தெரியும். என் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த முகம் அது. முன்வரிசையில் மாங்கேணி அம்மாவுக்குப் பக்கத்தில் வந்தவர். அவரைத் தனியாக எடுத்த வேறு போட்டோ வீட்டில் இருக்கவில்லையாம். மகனுடைய போட்டோதான் எத்தனையோ பிரதி இருந்ததாம். கலியாண வீட்டுக்குப் போகாமல் அந்தச் செத்த வீட்டுப் பந்தலுக்குப் போய், வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். அங்கிருந்தவர்களிடம் நான் யார் என்று சொல்லவில்லை.

மாங்கேணி அம்மாவும் அப்படியே போய்விடக் கூடாது என்ற பயம் அன்றைக்கு வந்தது.

அதனால் புதிய நிறுவனத்திடம் நான் கேட்ட முதல் காரியம் அந்த ரீமேக்தான். ஒரே ஒரு காட்சி, ஒரு பகல். “அந்தப் படத்தையா? யார் பார்க்க?” என்று சிரித்தார்கள். எங்கள் ஊரில் ஆள் இருக்கிறது என்றேன். அனுமதி வந்துவிட்டது. வரும் வியாழக்கிழமை, இரண்டரை மணி.

ஞாயிற்றுக்கிழமை மாங்கேணிக்குப் பஸ் ஏறினேன். அவர் முற்றத்தில் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார்.

“இன்னொரு போட்டோவோ?”

“இல்லம்மா. கேக்க வந்திருக்கன்.”

கேட்டேன். பதாகை இல்லை, முகநூல் இல்லை, வாசல் பலகையில் படத்தின் பெயர்கூட இருக்காது என்று சொன்னேன். அவர் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார். இன்னும் ஏழு பேர்தான் நடமாடும் நிலையில் இருக்கிறார்கள் என்றார்.

“கதிரை வாற இடம் முடிஞ்சதும் படத்த நிப்பாட்டச் சொல்லட்டா அம்மா?”

கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார்.

“நிப்பாட்ட வேணாம். அது ஓடட்டும். எழும்பிப் போறது எங்கிட விருப்பம்.”

“வருவீங்களா?”

“வாறன் எண்டு சொல்லமாட்டன். நீ கேட்டாய், அது காணும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

வியாழக்கிழமை நீங்கள் இருவரும்தான் வாசலில் நிற்பீர்கள். ஒருவரும் வராவிட்டாலும் ஒப்பரேட்டர் அண்ணன் சரியாக இரண்டரைக்குத் தொடங்குவார், சொல்லியிருக்கிறேன். வந்தால் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இருக்கச் சொல்லுங்கள். நடுவில் யாராவது எழும்பினால், படம் இன்னும் முடியவில்லை என்று சொல்லாதீர்கள். அவர்கள் வீதிப் பக்கத்தால் போகத் தேவையில்லாமல், மரநிழலுக்குத் திறக்கும் இடதுபக்கக் கதவைத் திறந்துவிடுங்கள். கன நாள் பூட்டிக் கிடந்ததால் அது கிறீச்சிட்டது. இன்று காலை கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டு, பத்துத் தரம் திறந்து மூடிப் பார்த்தேன். இப்போது சத்தமில்லை.